கயிறு யார் கையிலே?

(பட்டிமன்றத் தலைப்பு: தானியங்கிக் கார் நிறுத்தங்களை நம்ப மக்கள் தயங்குவது அறியாமையாலா? அனுபவத்தாலா? இடம்: குலசேகரன்பட்டினம். 'அனுபவத்தாலே' என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே வரிசையா உட்கார்ந்து, 'இந்தம்மா என்ன சொல்லிடப் போகுது' என்று என்னையே பார்த்துக்கிட்டிருக்கிற அன்புச் சகோதரர்களே! (சிரிப்பு) முத்தாரம்மன் குடியிருக்கிற இந்த ஊரிலே, இந்தக் கடற்காற்றிலே, மணலில் துண்டை விரிச்சு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே! 

எதிரணித் தலைவர் பேசும்போது ரொம்ப அழுத்தமா ஒன்று சொன்னார். 'மக்களுக்கு மிஷினைப் பற்றித் தெரியவில்லை. தெரியாததனாலே பயப்படுகிறார்கள். இதற்குப் பெயர்தான் அறியாமை' என்றார். நானும் கைதட்டினேன். நல்லாத்தான் பேசினார். ஆனா நடுவர் அவர்களே, சாயங்காலம் அவர் கார்ல வந்து இறங்கினதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். இங்க பந்தலுக்குப் பின்னால எவ்வளவு இடம் இருக்கு! அங்க நிறுத்தல. அந்த வேப்பமரத்தடியில, ரோட்டைப் பார்த்தாப்பல, மூக்கை வெளிய நீட்டி நிறுத்திட்டு வந்திருக்கார். ஏன்னு கேட்டேன். 'முடிஞ்ச உடனே சட்டுன்னு எடுத்துட்டுப் போகலாம்ல' என்றார். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அதனால அவர் உங்க அணிங்கறீங்களா?

அய்யா, அவர் வாய் அந்த அணி, அவர் கார் எங்க அணி! (பலத்த சிரிப்பு) 'போகும்போது சட்டுன்னு எடுக்கணும்' என்கிற அந்த ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அது அறியாமை இல்லை. எத்தனையோ திருவிழாவிலே, எத்தனையோ கல்யாண மண்டபத்திலே, முன்னால நிற்கிற வண்டிக்காரரைத் தேடி மைக்கிலே நம்பர் சொல்லி, அவர் பந்தியிலே உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிடந்த அனுபவம். அதைத்தான் நாங்க சொல்றோம்.

முதல்ல, இந்தத் தானியங்கிக் கார் நிறுத்தம் என்றால் என்னன்னு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். அது ஒரு பெரிய இரும்பு அலமாரி. நம்ம வீட்டு பீரோவிலே தட்டுத் தட்டா சேலை அடுக்கி வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி மாடி மாடியா காரை அடுக்கி வைக்கிறது. வாசல்ல ஒரு இரும்புத் தட்டு இருக்கும். அதுமேலே காரைக் கொண்டுபோய் நிறுத்தணும். எஞ்சினை அணைச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, கண்ணாடியை மடக்கி, உள்ள இருக்கிற எல்லாரும் இறங்கிடணும். கதவு மூடிக்கும். கார் நீளம் என்ன, உயரம் என்னன்னு மிஷினே அளந்து பார்த்து, லிஃப்ட்ல தூக்கிட்டுப் போய், காலியா இருக்கிற ஒரு பொந்துக்குள்ள தள்ளி வச்சிடும். நம்ம கையிலே ஒரு சீட்டு. திரும்பி வந்து சீட்டைக் காட்டினா, அதே லிஃப்ட் காரைக் கீழே கொண்டு வந்து கொடுக்கும்.

இதிலே நல்லது இல்லைன்னு நான் சொல்ல வரல. சரிவுப் பாதை வேண்டாம், நடைபாதை வேண்டாம். அதனால ஒரே அளவு இடத்திலே ரொம்பக் கூடுதல் கார்களை அடுக்கிடலாம். உள்ள யாரும் ஓட்டிக்கிட்டுச் சுத்தாததனாலே புகை குறைவு. கதவைத் திறந்து பக்கத்துக் கார்ல இடிக்கிற வேலை இல்லை. ராத்திரி நேரத்திலே ஒரு பெண் தனியா இருட்டுக் கட்டடத்துக்குள்ள நடந்துபோய்த் தன் காரைத் தேட வேண்டியதில்லை. எதிரணிச் சகோதரி இதைச் சொன்னாங்க, நான் மனசார ஒத்துக்கறேன்.

ஆனா நடுவர் அவர்களே, எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என் கையிலே கார் சாவியைக் கொடுத்தது கிடையாது. 'நீ கியர் மாத்தற சத்தம் எனக்கு நெஞ்சிலே கேக்குது' என்பார். (சிரிப்பு) கட்டின பொண்டாட்டியை நம்பி ஒரு காரைக் கொடுக்க யோசிக்கிற மனுஷன், முன்னப்பின்னே பார்த்திராத ஒரு இரும்புத் தட்டை நம்பிக் கொடுக்கணும்னா, அந்தத் தட்டு அவருக்கு ஏதாவது உத்தரவாதம் கொடுக்கணுமா வேண்டாமா? (கைதட்டல்)

சரி, விளையாட்டு போகட்டும். நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். எதிரணியிலே ஒரு தம்பி, 'குலசையிலே தசராவுக்கு லட்சக்கணக்கிலே கூட்டம் வருது, இங்கேயே ஒரு தானியங்கிக் கட்டடம் கட்டிட்டா நெரிசல் தீர்ந்தது' என்றார். தம்பி, உங்க நல்ல மனசு வாழ்க. ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருநூறு கார் நிற்கிற கட்டடம் என்று வச்சுக்குவோம். ஒரு காரை எடுத்துக் கொடுக்க மிஷினுக்கு ரெண்டு நிமிஷம் என்று வச்சுக்குவோம், தாராளமாத்தான் வைக்கிறேன். பத்தாம் திருநாள் ராத்திரி. கடற்கரையிலே சூரசம்ஹாரம் முடிஞ்சது, மணி பன்னிரண்டு. அத்தனை பேரும் ஒரே நேரத்திலே சீட்டை நீட்டறாங்க. ஒரு லிஃப்ட் இருந்தா, இருநூறு காருக்கு நானூறு நிமிஷம். நானூறு நிமிஷம் என்றால் ஆறு மணி நாற்பது நிமிஷம்! கடைசிக் காருக்குச் சொந்தக்காரர் காலையிலே சூரியன் உதிக்கிறதைப் பார்த்துட்டு, அப்படியே பதினோராம் நாள் காப்புக் களையறதையும் பார்த்துட்டுப் போகலாம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ரெண்டு லிஃப்ட் வச்சா மூணு மணி இருபது நிமிஷம். நாலு வச்சாலும் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்திலே.

சகோதரர்களே, சாதாரண நாள்லே ஒருத்தர் வருவார், ஒருத்தர் போவார். அப்போ இந்த மிஷின் பிரமாதமா வேலை செய்யும். ஆபீஸ் கட்டடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைத்தெருவுக்குப் பொருந்தும். திருவிழா ஊரும் சுற்றுலா ஊரும் அப்படியில்லை. எல்லாரும் ஒண்ணா வருவாங்க, ஒண்ணா போவாங்க. ஆயிரம் பேருக்குச் சமைச்ச சோத்தை ஒரே ஒரு சின்னக் கரண்டியாலே பரிமாறினா என்ன ஆகும்? சோறு குறையில்லை. கரண்டிதான் குறை. ஜனங்களுக்கு இந்தக் கணக்கைக் காகிதத்திலே போடத் தெரியாம இருக்கலாம். ஆனா பந்தியிலே உட்கார்ந்து உட்கார்ந்து பழகின ஜனம், கரண்டியைப் பார்த்தாலே தெரிஞ்சுக்குவாங்க. (கைதட்டல்)

இன்னொன்று. குலசைக்குக் கூட்டம் எதிலே வருது? காரிலே மட்டுமா? பஸ்ஸிலே வருது, வேனிலே வருது, நடந்து வருது. மாலை போட்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, ஊர் ஊராப் போய்க் காணிக்கை வாங்கி வர்ற தசராக் குழுக்கள் எதிலே வருது? வேனிலே, லாரியிலே. அந்த லாரியிலே காளி வேஷம் இருக்கு, குரங்கு வேஷம் இருக்கு, போலீஸ் வேஷம் இருக்கு, மேளக்காரர்கள் அத்தனை பேரும் இருக்காங்க. மிஷின் வாசல்ல ஒரு போர்டு வச்சிருப்பான்: 'வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது.' நான் கேட்கிறேன், பத்து கையோட, நாக்கைத் துருத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிற காளியைப் பார்த்து 'அம்மா, கொஞ்சம் இறங்குங்க' என்று சொல்றது யாரு? (பலத்த சிரிப்பு) எதிரணித் தலைவர் போய்ச் சொல்லுவாரா?

நடுவர்: அவர் போலீஸ் வேஷக்காரரைக் கூப்பிட்டுக்கிட்டுப் போவார். (சிரிப்பு)

இதையும் கவனிங்க. இது கடலோரம். உப்புக் காற்று. இங்க வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் வண்ணம் அடிக்கிறவங்களைக் கேளுங்க, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு அலுத்துப்போனவங்களைக் கேளுங்க. அந்தக் கட்டடம் முழுக்க இரும்பு, செயின், கம்பி வடம், மின்சாரக் கண்ணு. பத்து நாள் கூட்டத்துக்காகக் கட்டி, மிச்ச நாளெல்லாம் பாதி காலியா நிறுத்தி வச்சு, உப்புக் காற்றிலே அதைப் பராமரிக்கிற செலவு யார் தலையிலே விழும்? 'இது துருப்பிடிச்சுடாதா?' என்று உடன்குடிச் சந்தையிலே ஒரு கருப்பட்டி வியாபாரி கேட்டா, அது அறியாமையா? அய்யா, அது இந்த மண்ணோட விஞ்ஞானம்! (கைதட்டல்)

வெளியூர்களிலே என்ன நடந்தது, அதையும் பார்ப்போம். சென்னை தியாகராய நகர். பாண்டி பஜார் பக்கத்திலே ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலே ஒரு அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டி 2021-ல் திறந்தாங்க. 222 கார், 513 இரு சக்கர வாகனம் நிறுத்தலாம். தமிழ்நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடுகிற கடைத்தெரு. திறந்த மறுநாளே நிரம்பி வழிஞ்சிருக்கணும் இல்லையா? அங்க தெருவோரத்திலே கார் நிற்குது, கட்டடத்துக்குள்ள இடம் காலியா இருக்குன்னு பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதிச்சு. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலே முந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்களுக்கு ஒரு கட்டடம். அங்கேயும் இதே பேச்சு. தியாகராய நகர்க்காரங்களும் கோயம்புத்தூர்க்காரங்களும் மிஷினைப் பார்க்காதவங்களா? கோயம்புத்தூர்க்காரங்க மோட்டாரும் பம்புசெட்டும் செஞ்சு நாட்டுக்கே விக்கிறவங்க! (கைதட்டல்) அவங்களைப் போய் 'உங்களுக்கு மிஷின் தெரியாது'ன்னு சொல்ல முடியுமா?

நம்ம நாடுதான் அப்படி, வெளிநாட்டிலே பாருங்க என்று எதிரணியிலே சொன்னாங்க. பார்ப்போம். அமெரிக்காவிலே ஹோபோக்கன் என்று ஒரு ஊர். நியூயார்க் நகரத்துக்கு நேர் எதிரே, ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையிலே இருக்கு. 2002-ல் அங்க ஒரு முழுத் தானியங்கிக் கார் நிறுத்தம் திறந்தாங்க. 2004-ல் ஒரு கார் மேல்மாடியிலேர்ந்து கீழே விழுந்தது. 2005-ல் இன்னொரு கார் விழுந்தது. நல்லவேளையா உள்ளே ஆள் இல்லை. 2006-ல் வேற ஒரு கூத்து. மிஷினை நடத்துற கம்ப்யூட்டர் புரோகிராம் யாருக்குச் சொந்தம் என்று நகராட்சிக்கும் கம்பெனிக்கும் சண்டை. சண்டை கோர்ட்டுக்குப் போச்சு. கார்கள் கட்டடத்துக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலே வீட்டைப் பூட்டிட்டா, உள்ளே இருக்கிற கோழி என்ன பாவம் செஞ்சது? (சிரிப்பு) காருக்குச் சொந்தக்காரன் பணம் கட்டியிருக்கான், சீட்டு வச்சிருக்கான், கார் மட்டும் வரல. அந்த ஊர்க்காரன் மறுபடி சந்தேகப்பட்டா, அது அறியாமையா?

'ஜப்பானைப் பாருங்க' என்றும் சொன்னாங்க. சரிதான், ஜப்பான்லே சந்துக்குச் சந்து கார் கோபுரம் இருக்கு. ஜனங்க நம்பறாங்க. ஏன் நம்பறாங்க? அங்க 1962-லேயே ஒரு சட்டம் போட்டாங்க. கார் வாங்கணும்னா, அதை நிறுத்த உனக்கு இடம் இருக்குன்னு அத்தாட்சி காட்டணும். தெருவிலே நினைச்ச இடத்திலே நிறுத்த முடியாது. அந்த ஒழுங்கு இருக்கு. மிஷின் நின்னா ஓடி வந்து பார்க்கிற ஏற்பாடு இருக்கு. ஜப்பான்காரன் மிஷினை மட்டும் நம்பல அய்யா, மிஷினுக்குப் பின்னால நிற்கிற மனுஷனை நம்பறான். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இப்போ என் வீட்டிலே நடந்த ஒன்றைச் சொல்லணும். இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு வரும்போதெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஊர் பேரு வேண்டாம், கட்டடத்துப் பேரும் வேண்டாம்.

எங்க மாமனாருக்குக் கண்ணுலே ஆபரேஷன். அதுக்காக ஒரு பெரிய ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரைப் பார்த்துட்டு, பக்கத்திலே ஒரு தானியங்கிக் கட்டடத்திலே காரைக் கொடுத்திருந்தோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டல்ல போய் உட்கார்ந்தோம். இலை போட்டாச்சு. அப்பத்தான் எங்க மாமனார் மெதுவா, 'எம்மா, என் ஊசி மருந்து டப்பா எங்க?' என்று கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின் போட்டுக்கணும். டப்பா ஐஸ் பிளாஸ்க்குக்குள்ள, பிளாஸ்க் கார் பின் சீட்டிலே, கார் நாலாவது மாடியிலே.

எங்க வீட்டுக்காரர் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். சீட்டைக் கொடுத்தோம். திரையிலே 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று வருது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எங்களுக்கு முன்னால யாரோ ஒருத்தர் கார் தட்டிலே கொஞ்சம் கோணலா நின்னிருக்கு, மிஷின் அதைப் பார்த்து மொத்தமா நின்னுடுச்சு. அங்க காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயசுக்கு மேலே இருக்கும். அவரைப் பிடிச்சு நான் சத்தம் போட்டேன். 'அய்யா, உயிர் போற விஷயம், ஏதாவது செய்யுங்க' என்றேன். அவர் கையைக் கூப்பிட்டு, 'தாயே, எனக்குக் கதவைத் திறக்கவும் மூடவும்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மேலே போக எனக்கு அனுமதி கிடையாது, வழியும் தெரியாது. போன் போட்டிருக்கேன், ஆள் வரணும்' என்றார். ஆள் வேற ஊர்லேர்ந்து வரணுமாம். அந்தப் பெரியவர் மேலே நான் கோபப்பட்டது தப்பு. பாவம், அவர்தான் ஓடிப்போய் எங்க மாமனாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கடைசியிலே எங்க வீட்டுக்காரர் மருந்துக்கடையைத் தேடிப் போய், சீட்டு இல்லாம தர மாட்டேன்னு ஒரு கடையிலே சொல்லி, மறுபடி டாக்டர்கிட்ட ஓடி எழுதி வாங்கி, புது ஊசி வாங்கிட்டு வந்தார். கார் கைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேலே ஆச்சு.

அத்தனை நேரமும் எங்க மாமனார் ஒரு வார்த்தை கோபமாப் பேசல. கண்ணுலே கட்டு, பசி, கை லேசா நடுங்குது. 'நான் நல்லாத்தான் இருக்கேன், நீ பதறாத எம்மா' என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தார்.

இப்போ அவர் யாருன்னு சொல்றேன். தூத்துக்குடியிலே முப்பது வருஷம் ஐஸ் பிளான்ட்லே மெக்கானிக்கா வேலை பார்த்தவர். கம்ப்ரெஸர் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ஞ்சிருக்குன்னு சொல்லிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு மிஷின் நின்னா, மீன் அழுகிடக் கூடாதேன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினவர். அவர் அன்னைக்குத் திரும்பி வரும்போது கார்லே சொன்னார்: 'எந்த மிஷினும் ஒருநாள் நிக்கத்தான் செய்யும், எம்மா. அதைக் குத்தம் சொல்லக் கூடாது. நிக்கிற அன்னைக்கு ஹேண்டில் யார் கையிலே இருக்கு, அதுதான் கேள்வி. அங்க யார் கையிலேயும் இல்ல.'

(கைதட்டல்)

அதுக்கப்புறம் நாங்க எங்கே போனாலும், 'கொஞ்சம் தள்ளி மரத்தடியிலே போடு, நடந்தே போயிடலாம்' என்கிறார். எதிரணி நண்பர்களே, அவர் மிஷினைத் தெரியாதவரா? மிஷினோடேயே வாழ்ந்தவர். மிஷினைத் தெரிஞ்சதனாலேதான் யோசிக்கிறார். அவரை அறியாமை என்ற பெட்டியிலே போட்டுப் பூட்ட எனக்கு மனசு வரல.

இந்தக் கரையிலே பிறந்தவங்களுக்கு அவர் சொன்னது புதுசும் இல்லை. முத்துக்குளித்த கரை இது. இப்போ முத்துக்குளிப்பு இல்லை, ஆனா கதை இருக்கு. குளிக்கிறவன் இடுப்பிலே கயிறு கட்டி, கல்லைப் பிடிச்சுக்கிட்டு ஆழத்துக்குப் போவான். தோணியிலே ஒருத்தன் அந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நிற்பான். கீழேயிருந்து கயிறு அசைஞ்சா, அந்த நொடியே இழுக்கணும். அந்தக் கயிற்றை யார் கையிலே கொடுப்பாங்க தெரியுமா? மச்சினன் கையிலே கொடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஏன்? தன் கூடப்பிறந்தவ தாலிக்காக அவன் கண் இமைக்காம நிற்பான்! (பலத்த கைதட்டல்) முத்துக்குளிக்கிறவன் கோழையா? கடலுக்குள்ள குதிக்கிறவனை விடத் தைரியசாலி யாரு? ஆனா அவன் குதிக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேட்டான்: கயிறு யார் கையிலே? இன்னைக்கு நம்ம ஜனங்க கார் சீட்டைக் கையிலே வாங்கும்போது கேட்கிறதும் அதே கேள்விதான்.

எதிரணிச் சகோதரி, 'லிஃப்டைப் பார்த்தும் ஒரு காலத்திலே பயந்தாங்க, இன்னைக்குக் குழந்தை கூட ஏறுது' என்றாங்க. அருமையான உதாரணம். ஆனா அந்தக் கதையை முழுசாச் சொல்லணும். 1854-ல் நியூயார்க்லே ஒரு பொருட்காட்சி. எலிஷா ஓட்டிஸ் என்ற மனிதர் ஒரு லிஃப்ட் தட்டிலே தானே ஏறி நின்னார். எல்லார் முன்னாலேயும் உயரத்துக்குப் போனார். 'கயிற்றை வெட்டு' என்றார். வெட்டினாங்க. தட்டு கொஞ்சம் இறங்கி, அவர் செஞ்சிருந்த தடுப்பு பிடிச்சு, அப்படியே நின்னுடுச்சு. அப்புறம்தான் உலகம் லிஃப்டை நம்பிச்சு. கவனிங்க சகோதரி, ஓட்டிஸ் ஜனங்களைப் பார்த்து 'நீங்க அறியாதவங்க'ன்னு திட்டல. 'உங்க பயம் நியாயம்தான்'னு ஒத்துக்கிட்டு, தன் உடம்பையே வச்சு நிரூபிச்சுக் காட்டினார். (பலத்த கைதட்டல்) ஜனங்க சந்தேகப்படாம இருந்திருந்தா, அந்தத் தடுப்பே வந்திருக்காது. சந்தேகம்தான் லிஃப்டைப் பாதுகாப்பா ஆக்கிச்சு.

வள்ளுவர் இதுக்குன்னே 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரம் வச்சார். 51-ஆவது அதிகாரம். ஆராயாம ஒருத்தரை நம்பறதும் துன்பம், ஆராய்ஞ்சு நம்பினவரைப் பிறகு சந்தேகப்படறதும் துன்பம் என்கிறார். அப்போ சந்தேகத்துக்கு எது நேரம்? நம்பறதுக்கு முன்னால! ஜனங்க சரியான நேரத்திலேதான் சந்தேகப்படறாங்க.

இன்னும் ஒரு விஷயம். நம்ம ஊர் நாளைக்கு இதை விடப் பெரிய சுற்றுலா ஊர் ஆகப்போகுது. 2024 பிப்ரவரி 28-ல் இங்க இஸ்ரோவோட ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போகாம, இங்கேயிருந்து நேரே தெற்கே கடலுக்கு மேலே போகலாம் என்கிறதனாலே சின்ன ராக்கெட்டுக்கு இந்த இடம் வசதி. ஸ்ரீஹரிகோட்டாவிலே 2019-லேர்ந்து பொதுஜனங்க உட்கார்ந்து ராக்கெட் பார்க்கிற இடம் வச்சிருக்காங்க. நாளைக்கு இங்கேயும் ஜனங்க வருவாங்க. மணப்பாடு கோயில் பார்க்கிறவங்க, திருச்செந்தூர் போறவங்க எல்லாம் வண்டியைத் திருப்பிக்கிட்டு வருவாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க: ராக்கெட் ஏறக்குறைய கால் மணி நேரத்திலே செயற்கைக்கோளை வானத்திலே கொண்டுபோய் விட்டுடும். ஆனா அதைப் பார்க்க வந்தவர் கார், நாலாவது மாடியிலேர்ந்து இன்னும் கீழே வந்திருக்காது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அப்போ என்னதான் வழி என்பீங்க. வழி இருக்கு, ஜனங்க ஏற்கெனவே நடந்து காட்டின வழி. சபரிமலைக்குப் போறவங்க நிலக்கல்லிலே வண்டியை நிறுத்திட்டு பஸ்லே பம்பைக்குப் போறாங்க. திருவண்ணாமலை தீபத்துக்கு ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிறாங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவாலே 2024 மே 7-லேர்ந்து இ-பாஸ் வந்தது. 2025 கோடையிலே ஊட்டிக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு வண்டிதான், வார நாளுக்கு 6,000, சனி ஞாயிறுக்கு 8,000 என்று எண்ணிக்கையே வச்சாங்க. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அடுக்கி வைக்க இடம் தேடறதுக்கு முன்னால, எத்தனை வண்டி வரலாம் என்று கேட்டாங்க. அது புத்திசாலித்தனம்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லல. எங்க மாமனாரும் சொல்லல. கட்டுங்க. ஆனா கட்டறதுக்கு முன்னால நாலு கேள்விக்குப் பதிலை வாசல்லே தமிழ்லே பெரிய எழுத்திலே எழுதி வைங்க. ஒண்ணு, கூட்ட நாளிலே என் கார் எத்தனை நிமிஷத்திலே கைக்கு வரும்? ரெண்டு, கரண்டு போனாலும் மிஷின் நின்னாலும் காரைக் கையாலே இறக்க வழி இருக்கா? மூணு, அதைச் செய்யத் தெரிஞ்ச ஆள் ராத்திரி பகலா இங்கேயே இருக்காரா, வேற ஊர்லேர்ந்து வரணுமா? நாலு, என் வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்லப் போறது யாரு? இந்த நாலுக்கும் நேரான பதில் இருந்தா, ஜனங்க தானா வருவாங்க. பதில் இல்லைன்னா, கட்டடம் காலியாத்தான் கிடக்கும், வேப்பமரத்தடி நிரம்பித்தான் வழியும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க கையிலே. ஒரு வேண்டுகோள்தான். தீர்ப்பு எழுதும்போது ஒரு நிமிஷம், கண்ணுலே கட்டோட, பிளாஸ்டிக் நாற்காலியிலே, சாப்பிடாம உட்கார்ந்திருந்த ஒரு பழைய மெக்கானிக்கை நினைச்சுப் பாருங்க. அவர் தயங்கறார். அந்தத் தயக்கத்துக்கு அறியாமைன்னு பேர் வைக்காதீங்க. முப்பது வருஷம் மிஷினுக்கு எண்ணெய் போட்ட கையிலேர்ந்து வர்ற அனுபவம் அது. 'மக்கள் தயங்குவது அனுபவத்தாலே' என்று தீர்ப்புச் சொல்லுங்க.

எதிரணித் தலைவரே, உங்க கார் வேப்பமரத்தடியிலே பத்திரமா இருக்கு, நீங்க எப்போ வேணாலும் சட்டுன்னு எடுத்துட்டுப் போகலாம். (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)